முகட்டுத் தடத்தைத் திட்டமிட ஓஸ்மேண்ட் செயலி: கொல்லிமலையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கொங்கு நாட்டில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மலையேற்றம் புதிதன்று. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கொல்லிமலைச் சாலை, ஆழியாற்றிலிருந்து 40 வளைவுகளில் ஏறும் வால்பாறைச் சாலை, சேலத்திலிருந்து 20 வளைவுகளில் ஏறும் ஏற்காட்டுச் சாலை ஆகிய மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் சைக்கிள்களைப் பார்க்கலாம். அந்தச் சாலைகளுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. தார்ச்சாலை தானாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், வழியில் டீக்கடை வரும், செயின் அறுந்துபோனால் ஏதாவது ஒரு டெம்போ ஏற்றிக்கொள்ளும். மலையின் விளிம்பை ஒட்டி ஊருக்கு ஊர் போகும் மண்தடத்தில் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு போவது முற்றிலும் வேறு காரியம். அங்கே தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் பலகை இருக்காது. கைப்பேசியில் சிக்னல் இருக்காது. ஒருமுறை தவறான பக்கம் இறங்கிவிட்டால் இறங்கிய உயரம் முழுவதையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்ப ஏற வேண்டும்.

அத்தகைய ஒரு சவாரியைத் திட்டமிடுவதற்காக ஓஸ்மேண்ட் என்னும் கைப்பேசி வரைபடச் செயலியை முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். காரவள்ளி வழியாக ஏறி, மேல்தளத்தில் செம்மேட்டைத் தாண்டி, மேற்கு விளிம்பை ஒட்டிய தடங்களில் வடக்கே போய், முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்குவது என்பது அந்தத் திட்டம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடத்தை வரைவதற்கும், வரைந்த தடத்தை விட்டு விலகாமல் போவதற்கும் இதற்கு நிகரான கருவியை நான் கண்டதில்லை. ஆனால் அந்தத் தடத்தில் போகலாமா, போனால் சைக்கிளில் ஏறி ஓட்ட முடியுமா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை இந்தச் செயலியில் இல்லை. அந்த விடைகளை வனத்துறை அலுவலகத்திலும் மலை ஊர்களிலும் கேட்டுப் பெற்று, செயலியில் நாம்தான் குறித்து வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு பயன்படுத்துபவருக்கு இது மிகச் சிறந்த துணை. புரிந்துகொள்ளாமல் திரையில் தெரியும் கோட்டை மட்டும் நம்பிக் கிளம்புபவருக்கு இது ஆபத்தானதும்கூட.

செயலியின் அடிப்படை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம். 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இந்த வரைபடத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைகிறார்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தங்கள் ஊரைச் சேர்க்கலாம், திருத்தலாம். 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஓஸ்மேண்ட், அந்தத் தரவைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே வழி காட்டுகிறது. இந்திய வரைபடம் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் தமிழ்நாட்டை மட்டும் இறக்கிக்கொண்டால் போதும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள், மலைச்சரிவின் நிழல் ஆகியவற்றைத் தனிக் கோப்புகளாக இறக்க வேண்டும். இணையமே தேவைப்படாத இந்த அமைப்புதான் முகட்டில் இதன் முதல் பலம், ஏனென்றால் ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோளிலிருந்து வரும் குறிப்பலை. அதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. விமானப் பயண நிலையில் வைத்தாலும் நாம் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரியும், பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

வழியைத் திட்டமிடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே இந்தச் செயலியைப் பாராட்டத் தோன்றுகிறது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தடத்தை வரையும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி முறையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. காரவள்ளிச் சாலைக்குச் சைக்கிள் முறை, ஊர்த்தடத்துக்கு நடை முறை, வரைபடத்தில் கோடே இல்லாத இடத்துக்கு நேர்க்கோடு என மூன்றையும் ஒரே தடத்தில் கலந்து வைக்கலாம். நேர்க்கோடாக வரைந்த துண்டுகள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. அங்கே தடம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நாம் ஊகிக்கிறோம் என்பதற்கு அந்த நேர்க்கோடே சாட்சி. நான் வரைந்த முதல் தடத்தில் அப்படிப்பட்ட துண்டு ஒன்று இரு ஊர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தின் குறுக்கே விழுந்தது. செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, அதன் மேல் வரைபடத்தை அரைகுறையாகத் தெரியும்படி அமைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளத்தின் தெற்குக் கரை வரை காய்ந்த புல்லின் நடுவே வெளுத்த கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பலா மரங்களின் அடியில் நுழைந்ததும் மறைந்தது. எதிர்க்கரையில் சற்றுக் கிழக்கே தள்ளி, ஒரு மரவள்ளிக் காட்டின் வரப்பாக மீண்டும் தலைகாட்டியது. நடுவில் உள்ள தூரம் சிறிதுதான். ஆனால் அந்தச் சிறிய தூரத்தில் இறக்கம் எவ்வளவு, மழைக்குப் பின் நீர் எவ்வளவு என்பது படத்தில் தெரியாது. அந்த இடத்துக்கு ஒரு கேள்விக்குறியைக் குறித்து வைத்துவிட்டு, நேரில் கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். இப்படிச் சந்தேகத்தையும் வரைபடத்திலேயே குறித்து வைக்க இடம் தரும் செயலி இது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இனி, திரையில் தெரியும் புள்ளிக்கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு தடத்தை வரைபவர் அதன் தரை மண்ணா, சரளையா, பாறையா என்றும், அகலம் எவ்வளவு என்றும், மவுண்டன் பைக்குக்கு எவ்வளவு கடினம் என்றும் குறிப்பிட முடியும். கடினத்துக்கு 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலே இருக்கிறது: 0 என்பது தடையேதும் இல்லாத மண்தடம், 1 என்பது சிறு கற்களும் வேர்களும் உள்ள தடம், 2-இல் படிகளும் பெரிய கற்களும் வரும், 3-ஐத் தாண்டினால் நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே. ஆல்ப்ஸ் மலை நாடுகளில் பல தடங்களுக்கு இந்த எண் இடப்பட்டிருக்கும். திட்டமிடுபவர் அதைப் பார்த்தே தம் வழியை முடிவு செய்யலாம். நம் மலைகளில் அந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் இட்டதில்லை. ஆகவே டிராக்டர் போகும் தடமும், மிளகு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஆள் இறங்கும் கொடித்தடமும் திரையில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இதைச் செயலியின் குறை என்று சொல்வது நியாயமன்று. வரைபவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் வரைபடமும் அவ்வளவுதான் சொல்லும். எனினும் பயன்படுத்துபவர் இதை அறிந்திருந்தே ஆக வேண்டும். எண் இடப்படாத தடம் என்றால் எளிய தடம் என்று பொருளில்லை.

இங்கே உயரக்கோடுகள் ஓரளவு கைகொடுக்கும். தடத்தின் கோடு உயரக்கோடுகளுக்கு இணையாகப் போனால் அது மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் சமமான தடம்; உயரக்கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் படிகள் உள்ள நடைபாதை. கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் தடம் வளையாமல் நேராக ஏறுமானால், அங்கே ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 1:50,000 அளவுள்ள வரைபடத் தாளில் 20 மீட்டர் இடைவெளி உயரக்கோடுகள் இரண்டுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இருந்தால், தரையில் அது 100 மீட்டர்; அதாவது 20 விழுக்காட்டுச் சரிவு. தார்ச்சாலையில் அந்தச் சரிவில் கஷ்டப்பட்டு ஏறிவிடலாம். உருளும் கற்கள் நிறைந்த தடத்தில், முதுகில் தண்ணீரும் கருவிகளும் உள்ள பையுடன் ஏறும்போது, என்னைப் போன்ற சராசரி ஓட்டுநருக்கு 15 விழுக்காட்டிலேயே பின்சக்கரம் பிடி விட்டுச் சுழலத் தொடங்கிவிடும். ஓஸ்மேண்ட் சரிவுக்கு ஏற்பத் தடத்துக்கு நிறம் கொடுக்கிறது. என் திட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதிகள் அனைத்தையும் தள்ளிக்கொண்டு நடக்கும் தூரமாகவே கணக்கிட்டேன்.

ஆனால் அந்த உயரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளாமல், தடத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயர வரைபடத்தை நம்பக்கூடாது. இத்தகைய செயலிகள் பலவற்றிலும் காட்டப்படும் உயரத் தரவின் மூலம், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு புவியை அளந்தபோது கிடைத்ததுதான். நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் தருவது அது. சமவெளிக்கு அது தாராளமாகப் போதும். இருபுறமும் சரியும் குறுகிய முகட்டிலோ, ஒரு கட்டத்துக்குள் முகடும் அதன் இருபுறச் சரிவும் சேர்ந்தே அடங்கிவிடும். சராசரி எடுக்கும்போது முகடு உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். மேலும், அந்த ரேடார் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர், அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் அது தரை வரை போகாமல், கிளைகளிலும் இலைகளிலும் பட்டே பெருமளவு திரும்பிவிடும். சோலைக்குள் நுழையும் தடம் திடீரென ஏறுவது போலவும், வெளியே வந்ததும் இறங்குவது போலவும் உயர வரைபடம் காட்டுவதற்கு இது ஒரு காரணம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மலைச்சரிவின் குறுக்கே சமமாகப் போகும் தடத்தை நாம் வரையும்போது கை சிறிது பிசகினாலும் கோடு மேல் கட்டத்துக்கும் கீழ்க் கட்டத்துக்கும் மாறி மாறித் தாவும். அந்தத் தாவல்கள் எல்லாம் ஏற்றமாகவே கூட்டப்பட்டு மொத்த ஏற்றம் ஊதிப் பெருகும். உயர வரைபடத்தில் ரம்பப் பல் போன்ற சிறு மேடு பள்ளங்கள் வரிசையாக வந்தால், பெரும்பாலும் அவை தரையில் இல்லாத மேடுகள். எனவே மொத்த ஏற்றம் என்னும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பெரிய ஏற்றங்களை மட்டும் தனித்தனியே, கணவாயிலிருந்து உச்சி வரை, கையால் கூட்டிப் பார்ப்பதுதான் சரி. கையில் கட்டும் கருவியில் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் வசதி இருந்தால், புறப்படும்போது தெரிந்த உயரத்துக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். காற்றழுத்தம் 1 மில்லிபார் மாறினால் உயரம் 8, 9 மீட்டர் பிழையாகும், மலையில் மேகம் கூடும் நாளில் இது அடிக்கடி நடக்கும்.

இந்த இடத்தில் இந்திய நில அளவைத் துறையின் நிலப்பட வரைபடங்களை ஒப்பிட்டே ஆக வேண்டும். 1767-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்தத் துறையின் 1:50,000 அளவுத் தாள்கள் 2017-ஆம் ஆண்டில் நக்ஷே என்னும் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. பழைய எண்முறைப்படி கொல்லிமலையின் பெரும்பகுதி 58 ஐ/7 என்னும் தாளில் அடங்கும். வண்டித்தடம், பொதிமாட்டுத் தடம், நடைபாதை ஆகிய மூன்றையும் அந்தத் தாள்கள் வேறு வேறு குறிகளால் காட்டுகின்றன. ஓஸ்மேண்டில் ஒரே மாதிரித் தெரிந்த தடங்களில் எது பழைய பொதித்தடம் என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது இந்தத் தாள்தான். மாடு பொதி சுமந்து ஏறிய தடம் என்றால் சரிவு தாங்கும்படியாக இருக்கும், வளைவுகள் நிதானமாக இருக்கும். சைக்கிளுக்கும் அது பொருந்த வாய்ப்பு அதிகம். தாளில் உள்ள ஊர்களும் தடங்களும் பழையவை என்பதால், அதற்குப் பின் போட்ட சாலைகளுக்கு ஓஸ்மேண்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுதாகச் செலவாகும். அந்த மாலைப்பொழுதைச் செலவழிக்க மனமில்லாதவர்கள் முகட்டுத் தடத்தை விட்டுவிட்டுச் சாலையிலேயே போவது நல்லது.

நில அளவைத் தாளை எடுக்கச் சொல்வதற்கு இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காப்புக்காட்டின் எல்லை அதில் கோடாக வரையப்பட்டிருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த எல்லைகள் எல்லா இடங்களிலும் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, இருந்தாலும் வழி காட்டும்போது செயலி அதைப் பொருட்படுத்துவதில்லை. காப்புக்காட்டுக்குள் போகும் தடத்தையும் ஊர்த்தடத்தையும் அது ஒன்றாகவே கருதி வழி போட்டுத்தரும். சட்டம் அப்படிக் கருதாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. கோடைத் தீக்காலத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, காட்டுத் தடங்களை மூடிவைப்பது வழக்கம். சைக்கிள்தானே, நடக்கவில்லையே என்று வாதம் செய்வதில் பொருளில்லை. என் திட்டத்தில் காப்புக்காட்டுக்குள் விழுந்த துண்டுகள் எல்லாவற்றையும் வேறு நிறத்தில் தனியாகப் பிரித்துச் சேமித்து, அவற்றுக்கு மாற்றாக ஊர்த்தடங்கள் வழியாகவே போகும் இரண்டாவது தடம் ஒன்றையும் வரைந்து வைத்தேன். மாவட்ட வன அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தத் தடத்தையே அச்சிட்டு இணைத்தது பேச்சை மிகவும் எளிதாக்கியது. எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறோம் என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. அனுமதி கிடைக்காத துண்டுகளைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும். முகட்டின் மிக அழகான பகுதி அதுவாகவே இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. காட்டெருமைகள் நடமாடும் காட்டில், இறக்கத்தில் சத்தமின்றி வேகமாக வரும் சைக்கிள் அவற்றுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

நேரக் கணக்குக்கு வருவோம். செயலி காட்டும் நேரம், நாம் தேர்ந்தெடுக்கும் முறைக்கென்று ஏற்கெனவே வைத்திருக்கும் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகத்தை அமைப்புகளில் நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், ஒரே வேகத்தைத் தார்ச்சாலைக்கும் பாறைத்தடத்துக்கும் பொருத்துவது சரிவராது. நான் பயன்படுத்தியது ஒரு பழைய நடைக்கணக்கு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நைஸ்மித் என்னும் மலையேறி 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தடத்தில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால், 3 மணி 24 நிமிடம். தடம் நன்றாக இருந்தால் சைக்கிளில் இதைவிட விரைவாகப் போகலாம். தடம் மோசமாக இருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் வெறுங்கையோடு நடப்பவரைவிட மெதுவாகத்தான் போவார். ஆகவே முகட்டுப் பகுதிக்கு நடைக்கணக்கையே முழுதாக வைத்து, அதன் மேல் ஓய்வுக்கும் பஞ்சருக்கும் பாதி நேரம் கூட்டினேன். ஜனவரித் தொடக்கத்தில் நாமக்கல் பகுதியில் மாலை ஆறேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். மாலை நாலு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கிருந்து கீழே இறங்க அல்லது ஊரொன்றை அடைய ஒரு வழி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தடத்தை வரைந்தால், சவாரியின் வடிவமே மாறிவிடுகிறது. முகட்டிலிருந்து பிரிந்து அவசரத்தில் தப்பி இறங்க உதவும் ஒவ்வொரு வழியையும் தனித் தடமாக வரைந்து, தூரத்தோடும் இறக்கத்தோடும் பெயரிட்டுச் சேமித்து வைப்பதற்கு ஓஸ்மேண்ட் மிகவும் வசதியாக இருந்தது. முக்கியத் தடத்தை வரைவதற்கு ஆன நேரத்தைவிட இந்தத் தப்பிக்கும் வழிகளுக்கு ஆன நேரமே அதிகம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் செயலிக்கு ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நீலக்கோடு தெரியும் இடமெல்லாம் நீர் ஓடும் என்று நம்பக்கூடாது. மலையின் பெரிய ஓடையான ஐயாறு ஆகாயகங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஆனால் விளிம்பை ஒட்டிய சிறு பள்ளங்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களிலேயே வற்றத் தொடங்கும். முகட்டில் நீர் தேங்க இடமே இல்லை. எங்கே ஊற்று இருக்கிறது, எந்த ஊரில் தொட்டி இருக்கிறது என்பதை அங்கே வாழ்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் போனபோது, தடத்தைப் பற்றிய பெரிய சந்தேகமும் ஒரு டீக்கடையில் தீர்ந்தது. நான் கேள்விக்குறி இட்டிருந்த பள்ளத்தைத் திரையில் காட்டி, அங்கே அமர்ந்திருந்த வயதான விவசாயி ஒருவரிடம், "ஐயா, இந்தத் தடத்துல சைக்கிள்ல போகலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் திரையைப் பார்க்கவேயில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே சொல்லிவிட்டார். "அது ஆளு போற தடம் தம்பி. பாறையில படி வெட்டி உட்டிருக்குது, சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் எறங்கோணும். மழை பேஞ்சா அதுவும் முடியாது, பாசி வழுக்கி உட்ரும். மேலாக்க மாரியம்மன் கோயிலைச் சுத்திப் போங்க, டிராக்டரே போகுது." கோயிலைச் சுற்றிப் போகும் தடம் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்தது, நீளம் அதிகம் என்பதால் செயலி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அந்தத் துண்டை மாற்றி வரைந்ததும் உயர வரைபடத்தில் இருந்த ஆழமான பள்ளம் மறைந்து, தடம் சீராக நீண்டது. ஊற்று, தொட்டி, கடை, பேருந்து நிற்கும் இடம், சிக்னல் கிடைக்கும் மேடு ஆகிய எல்லாவற்றையும் தனித்தனிக் குறிகளோடு அங்கேயே உட்கார்ந்து செயலியில் ஏற்றினேன். சிக்னல் கிடைக்கும் மேடுகளைக் குறித்து வைப்பதை யாரும் விட்டுவிட வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டிய நிலை வந்தால், அருகிலுள்ள மேடு எது என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

சவாரியின்போது செயலி நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தடத்தை விட்டு விலகினால் ஒலி எழுப்பும் வசதி, கிளைத்தடங்கள் பிரியும் இடங்களில் மிகவும் பயன்பட்டது. செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டிய இடங்களில் நம்மைக் காட்டும் அம்புக்குறி சற்றுத் தள்ளித் தெரியும். பாறையில் பட்டுத் திரும்பும் குறிப்பலைகளால் எல்லா ஜிபிஎஸ் கருவிகளுக்கும் இது நேர்வதே. திரையை எப்போதும் எரியவிட்டு ஹேண்டில்பாரில் மாட்டி வைத்தால் பேட்டரி மதியத்துக்கு மேல் தாங்காது. பையில் வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு ஓட்டுவதே சிறந்தது, கரடுமுரடான இறக்கத்தில் கண் தடத்தில் இருப்பதே முறையும்கூட. கைப்பேசி ஒன்றை மட்டும் நம்பாமல், தடத்தைப் பதிந்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் குழுவில் இன்னொருவர் கைப்பேசியிலும் ஏற்றி வைப்பதும், நில அளவைத் தாளின் அந்தப் பகுதியை அச்சிட்டு பிளாஸ்டிக் உறையில் எடுத்துப் போவதும் அவசியம்.

கற்றுக்கொள்வதற்கு எளிய செயலி என்று இதைச் சொல்ல மாட்டேன். பட்டியலுக்குள் பட்டியலாக அமைப்புகள் விரிகின்றன. எது எங்கே இருக்கிறது என்று பழகச் சில நாட்கள் பிடிக்கும். நீண்ட தூரத்துக்கு வழி கணக்கிடும்போது கைப்பேசி சற்றுத் திணறும், அதனால் தடத்தைத் துண்டு துண்டாக வரைவதே நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசி உள்ளவர்கள் பிரவுட்டர் என்னும் இலவச வழிக்கணக்குச் செயலியை இதனோடு இணைத்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொண்டு சைக்கிளுக்கு வழி தேடுவதில் அது தேர்ந்தது. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இவையெல்லாம் தேவையேயில்லை. அவர்களுக்கு கூகுள் மேப்ஸ் தாராளம். ஓஸ்மேண்டின் இலவசப் பதிப்பில் வரைபடங்களை இறக்குவதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு, ஆனால் தமிழ்நாடு ஒன்றுக்கு அது போதும். உயரக்கோடுகளுக்கும் சரிவு நிறத்துக்கும் பணம் செலுத்த வேண்டும். முகட்டுச் சவாரிக்கு அவை இல்லாமல் இந்தச் செயலியைப் பரிந்துரைக்க மாட்டேன்; கொடுக்கும் பணத்துக்கு அவை தகும்.

சவாரி முடிந்ததும் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. ஓஸ்மேண்டிலிருந்தே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த முடியும். படி வெட்டிய தடத்தைப் படி என்றும், டிராக்டர் போகும் தடத்தை டிராக்டர் தடம் என்றும், ஓட்டிப் பார்த்த தடங்களுக்குக் கடின எண்ணையும் குறித்துவிட்டால், அடுத்து அந்த மலைக்குத் திட்டமிடுபவர் பள்ளத்தின் குறுக்கே நேர்க்கோடு வரைய வேண்டியிருக்காது. தனியார் காப்பித் தோட்டத்துக்குள் உரிமையாளரின் அனுமதியோடு போன தடங்களைப் பொதுத்தடமாக வரைந்துவிடாமல், தனியார் வழி என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். காப்புக்காட்டுத் தடங்கள் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்தால் அவற்றுக்கு அனுமதி தேவை என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். இல்லாதவற்றை வரையாமலும், சவாரிப் பதிவாகப் பொதுவில் வெளியிடாமலும் இருப்பதே சரி. நான் போன தடத்தின் கோப்பை இந்த மதிப்பீட்டோடு இணைக்காததற்கும் அதுவே காரணம்.